நல்ல பாம்பின் நஞ்சு: வகுப்பறையில் சொல்ல வேண்டிய அறிவியல்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பெரும்பாலான இறப்புகள் கிராமங்களில் நிகழ்ந்தவை. அதாவது, நம் பள்ளிகளில் படிக்கும் வயதுடைய பிள்ளைகளின் உயிர் பற்றிய செய்தி இது.

பாம்பைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறோம். நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து விளக்கினால், அந்த அறிவுரை மனத்தில் நிற்கும்.

பூட்டும் சாவியும்

நாம் கையை அசைக்க நினைத்தால் மூளையின் கட்டளை நரம்பு வழியாகத் தசைக்கு வருகிறது. நரம்பு முனையும் தசையும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இடையில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது தசையின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தியதும் தசை சுருங்குகிறது. அசிட்டைல்கோலின் சாவி என்றால் ஏற்பி பூட்டு.

நல்ல பாம்பின் நஞ்சில் ‘மூவிரல் நச்சுகள்’ எனப்படும் சிறு புரதங்கள் உள்ளன. மூன்று விரல்களை நீட்டியது போன்ற வடிவம் கொண்டவை என்பதால் இப்பெயர். இவற்றில் ஒரு வகை, பூட்டுத் துளையில் சிக்கிய உடைந்த சாவி போல ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. மூளை கட்டளை அனுப்புகிறது, நரம்பும் தன் வேலையைச் செய்கிறது, தசை மட்டும் அசைவதில்லை. முதலில் கண் இமைகள் சரியும். பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. இறுதியில் உதரவிதானம் செயலிழந்து மூச்சு நிற்கும். அதனால்தான் மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பலரைக் காப்பாற்ற முடிகிறது.

ஒரு பூட்டும் உடைந்த சாவித் துண்டும் போதும், இதை வகுப்பில் செய்து காட்டலாம்.

கயிறு கட்டுவது ஏன் தவறு?

நல்ல பாம்பின் நஞ்சு நரம்பை மட்டும் தாக்குவதில்லை. கடித்த இடத்தின் திசுக்களை அழிக்கும் புரதங்களும் அதில் உண்டு. இறுகக் கட்டினால் அவை ஒரே இடத்தில் தேங்கும், இரத்த ஓட்டமும் நிற்கும். விரலையோ காலையோ இழக்க நேரிடலாம். கட்டை அவிழ்த்ததும் நஞ்சு மொத்தமாகப் பரவும் ஆபத்தும் உண்டு. கீறுவதாலும் வாயால் உறிஞ்சுவதாலும் நஞ்சு வெளியே வராது.

“மந்திரித்ததால் பிழைத்தார்” என்று சொல்லும் மாணவரைக் கேலி செய்ய வேண்டாம். கடிப்பவற்றில் பல நஞ்சில்லாப் பாம்புகள், நச்சுப் பாம்பும் சில நேரங்களில் நஞ்சைச் செலுத்தாமல் கடிக்கிறது என்ற இரண்டு உண்மைகளையும் சொல்லி, “அப்படியானால் அவர் எதனால் பிழைத்திருக்கலாம்?” என்று கேளுங்கள். காரணத்தையும் தற்செயலையும் பிரித்துப் பார்க்க இது நல்ல பயிற்சி.

நஞ்சிலிருந்தே மருந்து

1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர்ட் கால்மெட், நாகத்தின் நஞ்சைக் கொண்டு நஞ்சுமுறிவு மருந்தை உருவாக்கினார். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் பெயரில் உள்ள ‘சி’ இவரைக் குறிக்கிறது. அடிப்படை முறை இன்றும் அதுவே. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சு செலுத்தப்படுகிறது. அதன் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவற்றைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள்.

இந்திய மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது. எனவே, கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. இதற்கான நஞ்சின் பெரும்பகுதி, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். இருளர் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

ஊருக்கு ஊர் மாறும் நஞ்சு

ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் நஞ்சின் கலவை இடத்துக்கு இடம் மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிலையத்தின் கார்த்திக் சுனகர் குழு, நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த நல்ல பாம்புகளை ஆராய்ந்து 2021இல் இதைக் காட்டியது. ஓரிடத்து நஞ்சைக் கொண்டு செய்த மருந்து எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பயன் தராமல் போகலாம்.

இதற்கு விடை தேடும் முயற்சிகள் நடக்கின்றன. 2020இல் நல்ல பாம்பின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானது. அதில் நச்சு தொடர்பான 139 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன, நஞ்சுச் சுரப்பிக்கே உரிய 19 நச்சுகளும் தெரியவந்தன. 2024இல், பல பாம்புகளின் மூவிரல் நச்சுகளில் ஒரு வகையைத் தடுக்கும் செயற்கை எதிர்ப்பொருள் எலிகளில் நல்ல பலன் தந்தது. குதிரையை நம்பியிராத மருந்துக்கு இது ஒரு தொடக்கம். ஆனால், இன்று கடிபட்டவருக்கு இருக்கும் மருந்து மருத்துவமனையில் உள்ள மருந்துதான்.

பள்ளியில் செய்யக்கூடியவை

கடிபட்ட பிள்ளையை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். தைரியம் சொல்லுங்கள். வளையல், மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வது போல மட்டை வைத்து, இறுக்காமல் கட்டி அசையாமல் வையுங்கள். 108ஐ அழையுங்கள். கடித்த நேரத்தையும், இமை சரிவது போன்ற மாற்றம் எப்போது தொடங்கியது என்பதையும் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று சொல்லி, கண் இமைகளும் சரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நஞ்சுமுறிவு மருந்து இருப்பில் உள்ள, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அதன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.