ஒரு பெயரில் இரு தைலங்கள்

சென்ற கோடையில் கணக்குத் தணிக்கைக்காக நெசவாளர் சங்கம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கூலிப் பட்டியலைப் பார்த்து வருகையில், தவறாமல் புடவை ஒப்படைத்து வந்த அங்கத்தினர் ஒருவரின் பெயருக்கு நேரே மூன்று வாரங்கள் வெறுமையாக இருந்தன. காரணம் வினவியபோது அவரே வந்து தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் பழைய தோல் உரிந்து, புதுத்தோல் அப்போதுதான் படர்ந்திருந்தது. சாயத் தொட்டி வேலையால் வெடித்த விரல்களுக்கு நல்லதென்று யாரோ சொல்லக் கேட்டு, சந்தையில் வாங்கிய எலுமிச்சைப் புல் தைலத்தை நான்கு இரவுகள் அப்படியே தேய்த்துக்கொண்டாராம். "தைலந்தானே ஐயா, தைலம் கையைச் சுடும் என்று யார் கண்டார்?" என்றார்.

அவர் கேட்டது நியாயமே. தவறு அவருடைய அறியாமையில் மட்டும் இல்லை; அச்சொல்லிலும் இருக்கிறது. எள்ளின் நெய்யே எண்ணெய். திலம் என்னும் வடசொல்லுக்கும் எள் என்பதே பொருள். அதிலிருந்து வந்ததே தைலம். மூலிகைகளை நல்லெண்ணெயில் இட்டுக் காய்ச்சி வடித்ததை நம் முன்னோர் தைலம் என்றனர். அதைக் கை நிறைய ஊற்றித் தேய்ப்பதே வழக்கம். பின்னர், இலையையும் புல்லையும் நீராவியில் வாலை வடித்து எடுக்கும் மணப்பொருளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டோம். நீலகிரியில் 1843ஆம் ஆண்டளவில் நடப்பெற்ற யூக்கலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து வடிப்பது நீலகிரித் தைலம் ஆயிற்று; கிராம்பும் எலுமிச்சைப் புல்லும் அவ்வாறே தைலங்கள் ஆயின. இவற்றில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. முன்னதைக் கையால் அள்ளலாம். பின்னதைத் துளியால் எண்ண வேண்டும். இவ்வேற்றுமையை அறிவதே பாதுகாப்பின் முதற்படியாகும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுக் காற்றில் வைக்கவும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நீங்காத கறையை விடும். வடித்த தைலம் சில மணி நேரத்தில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். கறை முற்றும் நிலைத்தால், வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

வடித்த தைலத்தின் வலிமை எத்தகையது என்பதைப் பயிரிடுவோர் எளிதில் உணர்வர். 100 கிலோ எலுமிச்சைப் புல்லை வடித்தால் கிடைக்கும் தைலம் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் குறைவே. அதாவது ஒரு தேக்கரண்டித் தைலத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ புல்லின் சாரம் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ புல்லை அரைத்து ஒரு கையில் அப்பிக்கொள்பவர் எவரும் இலர். ஆனால் குப்பியைச் சாய்த்துத் தேய்ப்பவர் அதனையே செய்கிறார். அத்தைலத்தில் நான்கில் மூன்று பங்கு சிட்ரால் என்னும் பொருள். அதன் மணமே எலுமிச்சை மணம். தோலை உறுத்துவதும் அதுவே.

உறுத்தல் வேறு, ஒவ்வாமை வேறு. உறுத்தல் அளவைப் பொறுத்தது, நிறுத்தினால் ஆறும். ஒவ்வாமையோ முதல் சில முறை ஒன்றும் செய்யாது. உடல் அப்பொருளைப் பகையென ஒரு முறை அறிந்துகொண்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். பெரும்பாலும் அது ஆயுள் முழுதும் நீங்காது. சோப்பிலும் முகப்பூச்சிலும் அதே மணப்பொருள் இருந்தால் அவையும் ஆகாமற்போகும். ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை தரக்கூடிய 26 மணப்பொருள்களை 2003ஆம் ஆண்டு பட்டியலிட்டது. தோலில் தங்கும் பூச்சில் அவற்றுள் ஒன்று 0.001 சதவீதத்தைத் தாண்டினாலும் அதன் பெயரை அச்சிட வேண்டும் என்பது விதி. சிட்ரால் அப்பட்டியலில் உண்டு. 2023இல் அப்பட்டியல் 80க்கும் மேற்பட்ட பொருள்களாக விரிந்தது.

நெசவாளர் இதில் இருமடங்கு கவனம் கொள்ளவேண்டும். காஸ்டிக் சோடாவும் சலவைத் தூளும் சாயமும் பட்டு வெடித்த தோல் வேலியில்லாத தோட்டம் போன்றது. எப்பொருளும் எளிதில் உட்புகும். வெடிப்புக்கு வேண்டியது மணமன்று, நெய்ப்பசையே. இரவில் வேலை முடிந்தபின் கைகளைக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவுவதே போதும். தறியில் அமருமுன் தடவினால் பாவிலும் துணியிலும் கறை ஏறும்.

நலமான தோலில் மணத்தின்பொருட்டுத் தைலம் சேர்க்க விரும்புவோர் அளவை மறத்தலாகாது. 100 மில்லி தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெயில், வடித்த தைலம் பொதுவாக 2 மில்லிக்கு மேற்படலாகாது. எலுமிச்சைப் புல் தைலமும் கிராம்புத் தைலமும் அரை மில்லிக்கு மேற்படலாகாது. துளியின் பருமன் குப்பிக்குக் குப்பி மாறும். சுமாராக 20 துளி ஒரு மில்லி ஆகும். ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பதே உறுதியானது. தண்ணீரில் கலப்பது கலப்பதாகாது. தைலம் மேலே மிதந்து, வலிமை குன்றாமலே தோலில் ஒட்டும்.

கலந்ததையும் உடனே உடலெங்கும் பூசலாகாது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசளவு தடவி இரண்டு நாள் பார்க்கவும். சிவப்பும் அரிப்பும் தோன்றாவிடில் அதே இடத்தில் மேலும் ஒரு வாரம் தடவிப் பார்த்தபின் பயன்படுத்தலாம்.

சில தைலங்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. நீலகிரிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் ஏறத்தாழ முழுவதும் மெத்தில் சாலிசிலேட் ஆகும். அதில் ஒரு தேக்கரண்டி, 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடு. குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரும் கர்ப்பிணிகளும் அதைத் தோலிலும் தடவலாகாது. நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் சிறு குழந்தைகளின் முகத்திலோ மூக்கருகிலோ தடவுவது தவறு. இவற்றால் வலிப்பு நேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். எலுமிச்சைப் பழத்தோலிலிருந்து பிழிந்தெடுத்த தைலத்தைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும். பாவு விரிக்கத் தெருவில் நிற்பவரும் வயலில் நிற்பவரும் இதை நினைவில் கொள்க.

கலக்காத தைலம் தோலில் பட்டுவிட்டால், முதலில் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பின்னர்ச் சோப்பிட்டுக் கழுவவும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல நீரால் கழுவி மருத்துவரிடம் செல்லவும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், குப்பியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையவும். 108 ஊர்தியை அழைக்கலாம்.

இனி, பயிரிடும் அங்கத்தினருக்கு ஒரு சொல். வறண்ட மலைச் சரிவிலும் வளரும் எலுமிச்சைப் புல்லைக் கல்வராயன் மலையிலும் பயிரிடலாமா என்று கேட்போர் உளர். 1959இல் தோன்றி, இன்று லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய மருந்து மற்றும் நறுமணப் பயிர்கள் நிறுவனம் 'கிருஷ்ணா' முதலிய புல் வகைகளை அளித்துள்ளது. பயிரிடுவதும் வடிப்பதும் ஒரு தொழில்; வடித்ததைத் தோலுக்கான பூச்சாகக் கலந்து விற்பது வேறொரு தொழில். பின்னதற்கு 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி மாநில உரிமம் வேண்டும். நோய் தீர்க்கும் என்று எழுதி விற்றால் அது மருந்துச் சட்டத்தின்கீழ் வரும். உரிமம் இன்றிச் சங்கத்தின் பெயரால் குப்பி விற்றால், பழி அங்கத்தினர் அனைவரையும் சேரும்.

சங்கத்தின் வழியே விற்கும் தைலக் குப்பி ஒவ்வொன்றும் சிறியதாகவும், பழுப்புக் கண்ணாடியாலும், துளி துளியாக மட்டுமே விழும் மூடியுடனும் இருத்தல் நலம். ஒளியும் காற்றும் பட்டுப் பழையதான தைலமே ஒவ்வாமையை மிகுதியாகத் தரும். ஆதலின் வடித்த நாள் எழுதப்பட வேண்டும். எந்தச் செடி, எந்த உறுப்பு, யார் வடித்தது என்பவற்றுடன், "கலக்காமல் தோலில் தடவாதீர், உட்கொள்ளாதீர், குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பீர்" என்னும் மூன்று தொடர்களும் பெரிய எழுத்தில் அமைதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் ஒரு திரவத்தைக் கைக்கொள்வதன் விலை என்னவென்று நம் மாவட்டத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தைலம் அத்தகைய நஞ்சன்று. அளவறிந்தார்க்கு அது நல்ல பொருளே. எனினும் மலையில் வடிப்பவரும் சமவெளியில் நெய்பவரும் ஒரே கூட்டுறவின் அங்கத்தினர். ஒருவர் குப்பியில் ஒட்டும் சீட்டுத்தான் மற்றவர் கையின் தோலைக் காப்பது. அச்சீட்டை உண்மையாக எழுதுவதும், அதைப் படித்தபின் மூடியைத் திறப்பதும் இருவர்க்கும் உரிய கடமைகள்.