ரேட்டிங்கை முந்தும் பிள்ளைகள்

2022 ஆகஸ்ட் 6, மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் எட்டாவது சுற்று. முதல் போர்டில் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா, ரேட்டிங் 2783. எதிரே இந்தியா ‘பி’ அணியின் 16 வயது குகேஷ், 2684. ஜெயித்தவர் குகேஷ். அந்த ஒலிம்பியாட்டில் அவருக்கு அது தொடர்ந்து எட்டாவது வெற்றி! ரேட்டிங்கில் முதலிடத்தில் இருந்த அமெரிக்க அணியை நம் பையன்கள் 3-1 என்று வீழ்த்தினார்கள்.

பெரிய அதிர்ச்சிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு இல்லை. 99 புள்ளி வித்தியாசத்தில் இருவர் நூறு ஆட்டம் ஆடினால், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று கூட்டி, ரேட்டிங் குறைந்தவருக்கும் சுமார் 36 புள்ளி கிடைக்க வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ வகுத்த முறை இது. 1970இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே இதை ஏற்றது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது திறமையை நேராக அளப்பதே இல்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை மட்டும் எடுத்து, ரேட்டிங்கைக் கொஞ்சம் நகர்த்துகிறது. ஆகவே வேகமாக வளரும் பிள்ளையின் ரேட்டிங் எப்போதும் பின்தங்கியே வரும்.

ராயகிரியில் ஒரு சிறுமி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் உலகத்தோடு தினமும் ஆடுகிறாள். ஆனால் அந்த ஆட்டங்களால் அவளுடைய ஃபிடே ரேட்டிங் நகராது. அதற்குத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறி, போட்டி அரங்கில் எதிராளியோடு நேருக்கு நேர் உட்கார வேண்டும். அவள் 1500இல் நிற்கும்போதே ஆட்டம் எங்கோ போயிருக்கும். 1700 ரேட்டிங் உள்ள பெரியவர் ஒருவரை அவள் தோற்கடித்தால், எதிர்பார்ப்பு 0.24, கிடைத்தது 1. மீதி 0.76. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை 40ஆல் பெருக்குவார்கள்: 30.4 புள்ளி ஏற்றம். பெரியவருக்குப் பெருக்கும் எண் 20தான். அவர் இழப்பது 15.2. வளரும் வயதுக்குச் சூத்திரமே இடம் விட்டுவைத்திருக்கிறது.

அதுவும் போதவில்லை. 2024 மார்ச்சில் 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது சதவீதத்தை ஃபிடே கூட்டிக் கொடுத்தது. 1500இல் நின்றவர்கள் ஓர் ஆட்டமும் ஆடாமலே 1700 ஆனார்கள்.