கணக்கேடே பிணையாகும்போது

நிலப் பத்திரமோ நகையோ இல்லாத ஒருவருக்கு வங்கி எதை நம்பிக் கடன் வழங்க இயலும்? சொத்துகள் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருக்கும் கிராமங்களில், நெடுங்காலமாக இக்கேள்வியே பெண்களை வட்டிக்கடைக்காரரிடம் அனுப்பி வந்தது. இதற்கு விடை காணும் முயற்சியாக, 1992-இல் நபார்டு வங்கி 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. சேமிக்கும் பழக்கத்தையே கடனுக்குரிய தகுதியாகக் கொள்வது இதன் அடிப்படை.

இக்கருத்தை விரிவாகச் செயற்படுத்திய மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. ஆலப்புழையிலும் மலப்புறத்திலும் 1990-களின் முற்பகுதியில் பெற்ற அனுபவத்திலிருந்து உருவானது குடும்பஸ்ரீ இயக்கம். 1998 மே 17 அன்று அப்போதைய பிரதமர் வாஜ்பாய் இதனை மலப்புறத்தில் தொடங்கி வைத்தார். மாநிலத் தலைமையகம் திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. அண்டை வீடுகளைச் சேர்ந்த 10 முதல் 20 பெண்கள் இணையும் 'அயல்கூட்டம்' இதன் அடித்தளம். அதற்கு மேல் வார்டு அளவிலும் உள்ளாட்சி அளவிலும் கூட்டமைப்புகள் உள்ளன.

அயல்கூட்டம் வாரந்தோறும் கூடிச் சேமிப்பைத் திரட்டுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 15 பெண்கள் வாரம் 50 ரூபாய் வீதம் செலுத்தினால், ஓராண்டில் 39,000 ரூபாய் சேரும். இத்தொகையிலிருந்து மருத்துவச் செலவுக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ உறுப்பினருக்கு உள்கடன் வழங்கப்படும். அதற்கான வட்டி குழுவுக்கே திரும்பும். யாருடைய தேவை முதன்மையானது என்பதை உறுப்பினர்களே கூடி முடிவு செய்வர்.

குழு வங்கிக் கடன் கோரும்போது ஐந்து செய்திகள் ஆராயப்படுகின்றன: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, முறையான உள்கடன், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், நாளது வரை எழுதப்பட்ட கணக்கு. இவை 'பஞ்ச சூத்திரம்' எனப்படும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வரும் குழுக்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. சொத்துப் பத்திரத்தின் இடத்தில் இங்குக் கணக்கேடு நிற்கிறது.

ஆதலால் அக்கணக்கேடு ஒருவர் கையில் மட்டும் இருப்பது ஆபத்தானது. தீர்மானம் படித்துக் காட்டப்படாமல் கையொப்பம் பெறப்பட்டால், எவர் பெயரில் எவ்வளவு கடன் உள்ளது என்பதே பிறருக்குத் தெரியாது போகலாம். ஓர் உறுப்பினரின் தவணை தவறினால் குழு முழுவதன் மறுகடனும் தடைப்படக்கூடும்.

குழுவுக்கு வெளியே பெறும் கடன்களும் கவனத்துக்குரியவை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்குப் பிணையின்றி அளிக்கப்படுவதே நுண்கடன் என 2022-இல் ரிசர்வ் வங்கி வரையறுத்தது. குடும்பத்தின் அனைத்துக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தின் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் இல்லை. மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்கு மொத்தத் தவணை வரம்பு 6,000 ரூபாய்.

குழுவில் உள்ள வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கேட்டை உரக்கப் படிக்கச் செய்து, வங்கிப் பாஸ்புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எழுத்தறியாத உறுப்பினரும் தம் பெயருக்கு நேரே உள்ள தொகையைக் காதால் கேட்டறிய அதுவே எளிய வழி.