மண்ணெண்ணெயை மறக்காத மொரிஸ் மைனர்

பெரியப்பாவின் மொரிஸ் மைனர் 2013 இல் என் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ-9 வீதியால் கண்டி வரைக்கும் ஒரு குறையும் சொல்லாமல் ஓடி வந்த கார், கினிகத்தேனையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மூச்சு வாங்கியது. வட்டவளையில் இரண்டாம் கியர். அட்டன் நகருக்குள் நுழையும்போது பின்னால் கரும்புகை. வயது போன வண்டி, இவ்வளவு ஏறியதே பெரிது என்று எண்ணி விட்டுவிட்டேன். அப்படி விட்டது பிழை என்பது அடுத்த வருடம் ஓர் இரவில் விளங்கியது.

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து லொறி பழுதாகி நின்ற இரவு, லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்துவிட்டது. “சார், வண்டிய எடுக்க முடியுமா?” என்று கதவைத் தட்டினார்கள். முடியாது என்று எப்படிச் சொல்வது? நுவரெலியாவுக்குப் போகும் ஏற்றத்தில், நானுஓயாவுக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே, முதலாம் கியரிலும் இழுக்காமல் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த மரக்கறி லொறிக்காரர் தாயையும் மாமியாரையும் முன்னால் ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளை நலமாகப் பிறந்தது. ஆனாலும் அந்த அரை மணித்தியாலத்தை நான் மறக்கவில்லை.

மறுவாரம் அட்டனில் ஒரு சிறிய கராஜுக்குக் கொண்டு போனேன். அறுபது வயதைத் தாண்டிய பாஸ் ஒருவர் பொனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். கையை உள்ளே விட்டு எதையோ தடவினார். பிறகு சிரித்தார்.

“சார், இந்த வண்டி இன்னும் மண்ணெண்ணெய் குடிக்கிற நெனப்புலதான் இருக்கு.”

அவர் என்ன சொன்னார் என்பதை விளங்கிக்கொள்ள, இயந்திரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெற்றோல் தனியே எரியாது. ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஒரு லீற்றர் பெற்றோல் என்றால், கொழும்பு வெக்கையில் சுமார் 9 கன மீற்றர் காற்று. அதாவது ஒரு சின்ன அறையின் காற்றில் ஒரு பங்கை நாங்கள் ஒவ்வொரு லீற்றருக்கும் குடித்து முடிக்கிறோம். நுவரெலியாவில் அதே லீற்றருக்கு 11 கன மீற்றர் வேண்டும், ஏனென்றால் அங்கே காற்று மெலிந்தது. அட்டன் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். காற்றழுத்தம் அட்டனில் ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு, நுவரெலியாவில் 20 சதவீதம் குறைவு. குளிர் காற்று கொஞ்சம் நெருக்கமானது என்பதால் அதில் மூன்று நான்கு சதவீதம் திரும்பக் கிடைக்கிறது. மிச்சம் போனது போனதுதான்.

என்னுடைய மைனர் 1,098 சிசி. தொழிற்சாலையில் இருந்து வந்தபோது அதன் வலு 48 குதிரைவலு. ஒரு பழுதும் இல்லாத புதுக் காராக இருந்தாலும் நுவரெலியாவில் அது 40 ஐ ஒட்டித்தான் தரும். இந்த இழப்பை எந்தப் பாஸாலும் மீட்க முடியாது. ஆனால் என் கார் இழந்தது இதைப்போல இரண்டு மடங்கு. அந்த மிச்ச இழப்பு போரில் இருந்து வந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் எப்படி மருந்துபோல ஆனது என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மைனர், ஏ-40, கேம்பிரிட்ஜ் என்று எங்கள் பழைய வாடகைக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேட்டரின் வாயில் பீச்சி இயந்திரத்தைத் தொடக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். பெரியப்பா அந்தக் காரில்தான் நோயாளிகளை ஏற்றினார், இடம்பெயர்ந்த சனத்தையும் ஏற்றினார்.

ஆனால் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதற்குச் சூடு வேண்டும். ஆகவே காபரேட்டருக்குள் போகும் காற்றைச் சைலன்சர் மனிபோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்தார்கள். மண்ணெண்ணெய் இயந்திரத்துக்குள் நேரத்துக்கு முந்தியே வெடித்து ‘டக் டக்’ என்று தட்டும். அதைத் தவிர்க்கப் பிளக் பொறி விடும் நேரத்தைப் பிந்த வைத்தார்கள். இயந்திரத்தின் அமுக்கத்தையும் குறைத்தார்கள். என் காரில் ஹெட்டுக்குக் கீழே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கஸ்கட் இருந்தது. ஜெட்டையும் இறக்கி எரிபொருளைக் கூட்டி விட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் கடல் மட்டத்தில், அந்த எண்ணெய்க்கு, இவை எல்லாமே சரியான வேலைகள். அவற்றைச் செய்த கைகளை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். 2002 இல் ஏ-9 திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது ஒருவரும் அவற்றைத் திருப்பி வைக்கவில்லை. சமதரையில் கார் ஓடியது, ஆகவே யாருக்கும் அது தோன்றவில்லை.

மலைக்கு வந்ததும் அந்த ஒவ்வொரு வேலையும் எதிரியாகிவிட்டது.

முதலில் சூடான காற்று. வெளியே 18 பாகை இருக்கும்போது பொனட்டுக்குள், மனிபோல்ட் பக்கத்தில், 55 பாகை சாதாரணம். அந்தக் காற்றைக் குடித்தால் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி போய்விடும். நுவரெலியாவில் நின்றுகொண்டு இன்னும் ஆயிரம் மீற்றர் மேலே ஏறியதற்குச் சமம். பாஸ் செய்தது மிகச் சின்ன வேலை. இந்த வகை மைனரின் எயார் பில்டருக்கு ஒரு மூக்குக் குழாய் உண்டு. இங்கிலாந்தின் குளிர்காலத்தில் அதை மனிபோல்ட் பக்கம் திருப்ப வேண்டும், கோடையில் விலக்க வேண்டும் என்று கார்க் கைநூலிலேயே இருக்கிறது. என் காரில் அந்தக் குழாயை மனிபோல்ட்டோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கம்பியை வெட்டிக் குழாயைத் திருப்பினார். ஒரு ரப்பர் குழாயை அதில் மாட்டி, ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் குளிர்காற்று வரும் இடத்துக்கு இழுத்தார். செலவு ஒரு குழாயும் இரண்டு கிளிப்பும்.

அடுத்தது எரிபொருள் கலவை. காற்று மெலியும்போது காபரேட்டருக்கு அது முழுதாகத் தெரியாது. காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கலவை ஏறத்தாழப் பத்து சதவீதம் தடிப்பாகிவிடும். அதோடு மண்ணெண்ணெய்க்காக இறக்கிய ஜெட்டும் சேர்ந்தது. கரும்புகைக்குக் காரணம் இதுதான். எஸ்.யூ. காபரேட்டரில் கீழே இருக்கும் நட்டை மேல்நோக்கித் திருகினால் ஜெட் ஏறி எரிபொருள் குறையும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பக்கம் மட்டும் திருப்ப வேண்டும். பிறகு காபரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்கலாம். இயந்திரம் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை இன்னும் தடிப்பு. அணையப் பார்த்தால் மெலிவு. சற்றே கூடித் திரும்பினால் சரி. கடைசித் தீர்ப்பு பிளக்கில் இருக்கும். கரி பிடித்திருந்தால் தடிப்பு, மண் நிறம் என்றால் நல்லது, வெள்ளை என்றால் ஆபத்து. எரிபொருளை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெள்ளை வரும் வரைக்கும் திருகி வால்வைச் சுட்டவர்களை நான் அறிவேன்.

பொறி நேரத்தை முந்த வைத்தார். மெலிந்த காற்று மெதுவாக எரியும், தட்டும் பயமும் குறைவு. ஆகவே மலையில் சமதரையைவிட இரண்டொரு பாகை கூடுதலாகவே முந்தலாம். கஸ்கட் இரண்டில் ஒன்று போனது. ஹெட்டைக் கழற்றியபோது வால்வுகளைச் சுரண்டி அரைத்து, இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்காக வைத்தார். காபரேட்டரின் திரொட்டில் தண்டு தேய்ந்து, பக்கத்தால் காற்றுக் கசிந்துகொண்டிருந்தது. அதற்குப் புது புஷ் போட்டார். இந்தக் கசிவைக் கவனிக்காமல் ஜெட்டைத் திருகுகிறவர் பொத்தல் வாளியில் தண்ணீர் அளக்கிறவர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னர் அவர் மீற்றர் போட்டு அமுக்கத்தைப் பார்த்தார். எனக்கு முன்பு வேறொரு கராஜில் அதே மீற்றரைப் பார்த்துவிட்டு, “ரிங் முடிஞ்சுது, இயந்திரத்தை இறக்க வேணும்” என்று பெருந்தொகை சொன்னார்கள். உயரத்தில் மீற்றர் எப்போதும் குறைத்தே காட்டும், வெளிக் காற்றே குறைவல்லவா? புத்தகத்தில் இருக்கும் எண் கடல் மட்டத்துக்கு எழுதியது. மலையில் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும். என் காரில் இருந்தது.

இதற்கு நடுவில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்யப் போனேன். கொழும்பில் ஒரு நண்பர், பளபளக்கும் கூம்பு வடிவ பில்டர் ஒன்றைப் போட்டால் பத்துக் குதிரை கூடும் என்று சொன்னார். பாஸிடம் கேட்டேன். “போடுங்க சார், சத்தம் நல்லா வரும்” என்றார். மூடி இல்லாத கூம்பு பொனட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே இழுக்கும். காசு கொடுத்து, வெட்டிப்போட்ட கம்பியைத் திரும்பக் கட்டுவது மாதிரி. இதைவிட மோசம், பில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவது. தோட்டத்துப் பாதையின் தூசி சிலிண்டரை அரத்தால் ராவுவதுபோல் ராவிவிடும். அடைத்த பில்டரை மாற்றுங்கள், இல்லாத பில்டரோடு ஓடாதீர்கள்.

காபரேட்டர் உள்ள முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். கணினி உள்ள புதிய கார்கள் கலவையைத் தாமே சரிசெய்யும், ஆனால் இல்லாத காற்றை அவையும் உண்டாக்க மாட்டா. டர்போ உள்ள வான்களுக்குத்தான் மலை அவ்வளவாகத் தெரியாது. அப்படி ஒன்றை வாங்கலாம் என்று நானும் நினைத்ததுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பழைய வான்களின் விலை எங்கோ போய்விட்டது. 2025 இல் இறக்குமதி திறந்தபின்னும் ஒரு வாத்தியாரின் சம்பளத்துக்கு எட்டவில்லை. மைனர்தான்.

வேலை முடிந்த அன்று பாஸைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தலவாக்கலை வழியாக நுவரெலியா வரைக்கும் போனோம். கார் நின்ற அந்த வளைவை இரண்டாம் கியரில் ஏறினோம். வேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, லொறிகள் எங்களை முந்தின. ஆனால் கால் மிதிக்க மிதிக்க அது கேட்டது, பின்னால் புகை இல்லை.

ஜனவரியில் மட்டும் அவர் சொன்ன ஒரு வேலையை இன்றைக்கும் செய்கிறேன். நுவரெலியாவின் விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஈரக் காற்று காபரேட்டருக்குள் போய், பெற்றோல் ஆவியாகும் குளிரில் அங்கேயே உறைந்து வாயை அடைத்துவிடும். வெளியே 10 பாகை இருந்தாலும் இது நடக்கும். வண்டி காரணமில்லாமல் நிற்கும், கால் மணித்தியாலம் பொறுத்தால் காரணமில்லாமல் தொடங்கும். அதனால் பொங்கல் பக்கம் அந்த மூக்குக் குழாயைப் பழையபடி மனிபோல்ட் பக்கம் திருப்பி வைப்பேன். பெரியப்பாவின் கம்பி வெட்டிய தடம் குழாயில் இன்னும் இருக்கிறது. மாசி முடிய மறுபடி விலக்கிவிடுவேன்.