உரச் சாக்கும் வெள்ளீயக் கிண்ணமும்

அரியலூர் மாவட்டம் தா.பழூர் வட்டாரத்தில் மண் மாதிரி எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் எந்த முகாமுக்குப் போனாலும் ஓர் எச்சரிக்கை காதில் விழும்: உரச் சாக்கில் மண்ணை அள்ளிவராதீர்கள். மண்வெட்டியால் 'வி' வடிவில் குழி வெட்டி, அரையடி ஆழம்வரை பக்கவாட்டில் சுரண்ட வேண்டும். பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்ததைக் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சும் அரைக் கிலோவைச் சுத்தமான துணிப்பையில் கட்ட வேண்டும். சாக்கின் தையலில் ஒட்டியிருக்கும் யூரியாக் குருணை நாலைந்து கலந்தாலே, பசித்துக் கிடக்கும் நிலம் அறிக்கையில் தழைச்சத்து நிறைந்த நிலமாகிவிடும். இது விவசாயிகளுக்குத் தெரிந்த பாடம்தான்.

அந்தத் துணிப்பை ஆய்வகத்துக்குள் போன பிறகும் அதே பாடம் தொடர்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கே உரச் சாக்கின் இடத்தில் இருப்பது சுண்டுவிரல் நகமளவு வெள்ளீயக் கிண்ணம்.

கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம் ஆகியவற்றை எரித்து அளக்கும் கருவியை ஆய்வகக்காரர்கள் 'சி.எச்.என்.எஸ். அனலைசர்' என்பார்கள். பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் தனியார் ஆய்வகங்கள் சிலவற்றிலும் இருக்கிறது. அரைத்த மண்ணில் சில மில்லிகிராம் எடுத்து, கிண்ணத்தில் இட்டு, மிட்டாய்க் காகிதம்போல மடித்து, ஏறத்தாழ 1,000 டிகிரி சூட்டில் இருக்கும் உலைக்குள் போடுவார்கள். சுற்றிலும் ஆக்சிஜன். வெள்ளீயம் தானே பற்றி எரிவதால் அந்தக் கணத்தில் மாதிரியின் சூடு 1,800 டிகிரிவரை எகிறும். வெளிவரும் புகை வினையூக்கியையும் செம்புத்தூளையும் தாண்டி, ஈரத்தை உறிஞ்சும் குழாய் வழியாகப் போய் உணரியை அடையும். சில நிமிடங்களில் திரையில் எண் வந்துவிடும். நைட்ரஜனை எரித்து அளக்கும் இந்த வழி 1830-களில் பிரெஞ்சு வேதியியலர் டூமா கண்டது. அமிலத்தில் கொதிக்கவைத்து அளக்கும் கெல்டால் முறை 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் மதுவடி ஆலையின் ஆய்வகத்தில் பிறந்தது.

கருவி லட்சக்கணக்கில் விலை. அதற்குத் தினமும் போடும் தீனியோ கிண்ணம், செம்பு, வினையூக்கி, உறிஞ்சி, வாயு என்று சில்லறைச் சாமான்கள். ஆய்வக மொழியில் 'கன்ஸ்யூமபிள்ஸ்'. எண் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தச் சில்லறையில்தான்.

அரியலூர் மாவட்டத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தா.பழூரை ஒட்டிய கொள்ளிடக் கரை, ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஆற்றை விட்டு விலகி அரியலூர், செந்துறைப் பக்கம் போனால் கதை மாறும். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே கடல் இருந்தது. உழும்போது கிளிஞ்சலும் நத்தையும் கல்லாகக் கிடைக்கும் பூமி அது. வாரணவாசியில் அந்தப் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் சிமென்ட் ஆலைகள் வந்தன. அந்தச் சுண்ணாம்பு சுக்கானாக வயல் மண்ணிலும் கலந்திருக்கிறது.

சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். அதன் எடையில் 12 விழுக்காடு கார்பன். உலைக்கு எரு எது, சுக்கான் எது என்று தெரியாது. எல்லாக் கார்பனையும் ஒன்றாகவே எண்ணும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வயல் மண்ணில் எருவாலும் வேராலும் வந்த அங்ககக் கரிமம் 0.4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக 0.5-க்குக் கீழே இருந்தால் 'குறைவு', 0.75-க்கு மேலே போனால் 'அதிகம்' என்று வகுப்பார்கள். அதே மண்ணில் 10 விழுக்காடு சுண்ணாம்பு இருந்தால் அதிலிருந்து மட்டும் 1.2 விழுக்காடு கார்பன் சேரும். கருவி 1.6 என்று காட்டும். அதை அப்படியே அங்ககக் கரிமமாக எழுதிவிட்டால், ஒரு வண்டி எருகூடக் காணாத நிலம் வளம் மிக்க நிலமாகிவிடும். என்றோ செத்த நத்தையின் ஓட்டுக்கு இன்றைய எருவின் மதிப்பெண் கிடைக்கும். அந்த அறிக்கையை நம்பித் தொழு உரத்தைக் குறைப்பவர் என்ன ஆவார்?

இதற்கு ஆய்வகத்தில் மாற்று உண்டு. எரிப்பதற்கு முன் மாதிரியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலோ அதன் ஆவியாலோ நனைத்துச் சுண்ணாம்பை நுரைத்து வெளியேற்றிவிட வேண்டும். இங்கேதான் கிண்ணம் எதனால் ஆனது என்ற கேள்வி வருகிறது. வெள்ளீயம் அமிலத்தில் அரித்துப்போகும். கிண்ணம் ஓட்டையாகி மாதிரி கசிந்தால் எண்ணும் கசியும். ஆகவே வெள்ளிக் கிண்ணம் வேண்டும். வெள்ளி அமிலத்தைத் தாங்கும். ஆனால் ஆவி பட்டபின் நொறுங்கலாகிவிடும், எரியும்போது வெள்ளீயம் தரும் கூடுதல் சூட்டையும் தராது. அதனால் அமிலம் போட்டு உலர்த்திய வெள்ளிக் கிண்ணத்தை மறுபடி ஒரு வெள்ளீயத் தாளில் சுற்றிப் போடுவது வழக்கம். வெள்ளி விலை அதிகம் என்று இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும் ஆய்வகம் மண்ணைப் பரிசோதிக்கவில்லை, பாறையைப் பரிசோதிக்கிறது.

பெரும்பாலான மண் பரிசோதனை நிலையங்களில் இன்றும் புழங்குவது 1934-இல் வந்த வாக்லி - பிளாக் முறை. பொட்டாசியம் டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்துச் செய்வது. அது சுண்ணாம்பைக் கணக்கில் எடுக்காது. அந்த வகையில் அரியலூர் மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் கரிமம் முழுவதையும் பிடிக்காது என்பதால், கிடைத்த எண்ணைச் சுமார் 1.3-ஆல் பெருக்குவார்கள். அதோடு டைக்ரோமேட்டில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிற குரோமியம். ஒரே வயலுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் கொடுத்தால் உடனே ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். எந்த முறை என்று முதலில் கேட்க வேண்டும்.

தழைச்சத்தின் கதை இன்னும் நுணுக்கம். 20 மில்லிகிராம் மண்ணில் 0.05 விழுக்காடு நைட்ரஜன் என்றால் மொத்தம் 0.01 மில்லிகிராம். வெறும் கிண்ணமும் உள்ளே சிக்கிய காற்றும் சேர்ந்து 0.002 மில்லிகிராம் கொடுத்தாலே பிழை 20 விழுக்காடு. அதனால்தான் புதுப் பெட்டி கிண்ணம் பிரித்ததும் காலிக் கிண்ணங்களை எரித்துப் பார்த்து, வரும் எண்ணைக் கழிக்கிறார்கள். வெறுங்கையால் தொடுவதும் கூடாது. விரல் எண்ணெயும் கார்பன்தான். குழாயில் இருக்கும் செம்பு எஞ்சிய ஆக்சிஜனைப் பிடித்துச் சிவப்பிலிருந்து கறுப்பாகிக்கொண்டே வரும். முழுதும் கறுத்த பிறகும் ஓட்டினால் தப்பி வரும் ஆக்சிஜனை உணரி நைட்ரஜன் என்று எண்ணிவிடும். அடுப்பில் விறகு தீர்ந்ததைக் கவனிக்காமல் சோறு வேகவில்லையே என்று அரிசியைத் திட்டுவதுபோன்ற காரியம்.

எல்லாச் சாமானும் முதல்தரமாக இருந்தாலும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் சேர்த்தார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். புரதத்தை நைட்ரஜனை வைத்து அளக்கும் சோதனையில் அந்தப் பால் தேறியது. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. மாட்டுத் தீவன மூட்டையில் அச்சிட்டிருக்கும் 'கச்சா புரதம்' என்ற எண்ணும் நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கியதுதான். அந்தக் கணக்கில் 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ள யூரியாவின் 'புரதம்' 287 விழுக்காடு! தீவனத்தில் சந்தேகம் வந்தால் புரதச் சோதனை மட்டும் போதாது, யூரியாவுக்கெனத் தனிச் சோதனை கேட்க வேண்டும்.

இந்தச் சாமான்களைத் தினமும் கையாள்கிறவர்களின் பாடு பேசப்படுவதே இல்லை. ஈரத்தை உறிஞ்சும் மெக்னீசியம் பெர்குளோரேட் வலுவான ஆக்சிஜனேற்றி. எண்ணெய்த் துணி, காகிதத்தோடு அதைக் குப்பைக்கூடையில் கொட்டினால் தீப்பிடிக்கலாம். கந்தகச் சோதனையில் மாதிரிமேல் தூவும் வனேடியம் பென்டாக்சைடு நச்சு. பல வேலைகளுக்கு டங்ஸ்டன் ஆக்சைடு அதைவிடப் பாதுகாப்பான மாற்று. கரியமில வாயுவைப் பிடிக்கும் 'ஆஸ்கரைட்' முன்பு கல்நாரில் சோடியம் ஹைட்ராக்சைடு பூசிச் செய்யப்பட்டது. பிறகு வந்தது சிலிக்காவில் செய்தது. பழைய கல்லூரி ஆய்வகத்தின் அலமாரி மூலையில் அரதப்பழசான புட்டி இருந்தால் மாணவர்கள் அதைத் திறக்காமல் பொறுப்பாளரிடம் சொல்வதே சரி. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் கேட்டு வாங்குவதும், தீர்ந்துபோன குழாயை அபாயக் கழிவாகத் தனியே ஒப்படைப்பதும் சலுகை அல்ல. அபாயக் கழிவு மேலாண்மைக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன.

வாங்கும் இடத்திலும் கோளாறு உண்டு. குறைந்த விலைப்புள்ளிக்கே கொள்முதல் என்ற வழக்கத்தில் கிண்ணம் 'அதே அளவு, அதே உலோகம்' என்று வந்து இறங்கும். கருவி தயாரித்த நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தால்தான் நல்லது என்றும் சொல்ல முடியாது. வேறு கம்பெனிப் பொருளும் நன்றாக இருக்கலாம். தொகுதி எண், தூய்மைச் சான்று, காலிக் கிண்ண அளவு ஆகியவற்றைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிட்டால் பாதித் தகராறு வராது. வணிக நோக்கில் வாங்கும் ஆய்வகம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். அதற்குரியது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். பொருளைச் சோதித்துப் பார்த்து ஏற்கும் உரிமையும், இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினால் அந்த வேலைக்கு அது தகுதியாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதமும் அதில் உண்டு. எந்த வேலைக்கு என்பதை எழுத்தில் சொல்லியிருந்தால் பின்னர் நிரூபிப்பது எளிது.

விவசாயியின் நிலை வேறு. கட்டணம் கட்டி மண்ணைச் சோதிப்பவர் ஒரு சேவையை வாங்கும் நுகர்வோர். தரமற்ற விதையால் ஏமாந்த விவசாயிகளும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலவசச் சேவை மட்டும் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம்போல அரசு இலவசமாகச் செய்துதரும் சோதனையில் சந்தேகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. எந்த முறையில் சோதித்தார்கள் என்ற பதிவேட்டைக் கேட்கலாம். பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதில் இடமுண்டு.

தனியார் ஆய்வக அறிக்கையில், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் 'என்.ஏ.பி.எல்.' அமைப்பின் முத்திரை இருந்தால் அதோடு திருப்தி அடைய வேண்டாம். அங்கீகாரம் கட்டடத்துக்கு அல்ல, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே. நம்முடைய சோதனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். இணையதளத்தில் பார்க்கலாம். அந்த ஆய்வகங்கள் பின்பற்றும் 17025 என்ற சர்வதேசத் தரநெறியின்படி, அறிக்கையில் சோதனை முறை குறிப்பிடப்பட வேண்டும்; வெளியிலிருந்து வாங்கும் பொருள்கள் தகுந்தவைதானா என்று மதிப்பிட்ட பதிவு இருக்க வேண்டும்; புகாரை எப்படி விசாரிப்பார்கள் என்பதைக் கேட்பவருக்குக் காட்ட வேண்டும். கேட்டும் பதில் வராவிட்டால் என்.ஏ.பி.எல்.-க்கே எழுதலாம்.

உரத்தில் சந்தேகம் என்றால் முதல் ஆயுதம் ரசீது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வாங்குபவருக்கு ரசீது கொடுப்பது வியாபாரியின் கடமை. வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகும் உரத்தின் முடிவை எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். உர ஆய்வாளர் முறைப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரிக்குத்தான் அந்த ஆணையில் எடை. ஆகவே மூட்டையைப் பிரிக்காமல் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுப்பது நல்லது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். அந்தச் சோதனைச் செலவைப் புகார்தாரர் முன்பணமாகக் கட்ட நேரலாம். அறிக்கை சரியில்லை என்றோ சோதனை முறையே தவறு என்றோ இரு தரப்பும் எழுத்தில் மறுக்கலாம். வெள்ளியா வெள்ளீயமா என்ற கேள்விக்கு நீதிமன்ற மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். வழிகாட்டல் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவ்வளவு தூரம் போகாமலிருக்க, மண்ணை எடுக்கும்போதே இரண்டு வேலை செய்துவிடலாம். நாலாகப் பிரித்துக் கழித்த மண்ணில் இன்னோர் அரைக் கிலோவை உலர்த்தி, தேதியும் புல எண்ணும் எழுதி, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, சமையலறை வினிகரைச் சொட்டிப் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. மாதிரிச் சீட்டின் ஓரத்தில் 'நுரைத்தது. சுண்ணாம்பு நீக்கி அங்ககக் கரிமம் பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்து, சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு, பையை ஒப்படைத்த ரசீதையும் வாங்கிக்கொண்டு வரலாம்.