கடற்கரையில் தொடங்குங்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் உள்ள மாதா கோவில்களையும் சபைக் கோவில்களையும் பார்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். டீயைக் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

உயரமான கோபுரம் எது, பெயர்பெற்றது எது என்று பட்டியல் போட்டுக்கொண்டு அலைய வேண்டாம். கடற்கரையில் தொடங்கி உள்ளே வாருங்கள். எந்தக் கோவில் யாருக்காக எழுந்தது என்பது அப்போதுதான் பிடிபடும்.

முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களிலேயே கத்தோலிக்கரானவர்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களைத் தேடி வந்தார். அவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை மணப்பாட்டில் கடலோரமாக இருக்கிறது. மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோவில்; செப்டம்பர் 14 அதன் திருவிழா. தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26இல் கொடியேறும், ஆகஸ்ட் 5இல் பெருவிழா. கட்டடத்தை நிதானமாகப் பார்க்க விரும்பினால் இந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம். ஆனால் திருவிழாக் கூட்டத்தில்தான் அந்தக் கோவில் யாருடையது என்று தெரியும் என்பதால், நெரிசலைப் பொறுத்துக்கொண்டு போகச் சொல்வேன்.

மணப்பாட்டிலிருந்து உள்ளே திரும்பினால் செம்மண் தேரியும் பனையும். முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி வந்துவிட்டீர்கள். இங்குள்ள பெரிய கோவில்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் காலத்தில் எழுந்தவை, இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பனையை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் திரளாகச் சேர்ந்த சபைகள் இவை. மெஞ்ஞானபுரத்தின் ஊசிக்கோபுரம் தொலைவிலேயே கண்ணில் படும். இடையன்குடியில் மட்டும் அரை நாளாவது இருங்கள். 1841இல் அங்கே வந்த மிஷனரி கால்டுவெல் 1847இல் தொடங்கிய கோவில் 1880இல்தான் நிறைவுபெற்றது. இடையில், 1856இல், அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அந்த நூலை எழுதியவர் அதே ஆண்டுகளில் ஒரு சிற்றூரில் சுவர் எழும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். 1891இல் மறைந்த அவரை அந்தக் கோவிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

வழி கேட்கும்போது வெறுமனே ‘சர்ச்’ என்றால் போதாது. பல ஊர்களில் ஆர்.சி. (கத்தோலிக்க) கோவிலும் இருக்கும், சி.எஸ்.ஐ. கோவிலும் இருக்கும், எது என்று சேர்த்துக் கேளுங்கள். ஆர்.சி. கோவில் பெரும்பாலும் பகலில் திறந்திருக்கும். சி.எஸ்.ஐ. கோவில் வார நாட்களில் பூட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டால் சாவி யாரிடம் என்று சொல்லிவிடுவார்கள். சேகர குருவை ‘ஐயர்’ என்பார்கள், குழம்ப வேண்டாம். செருப்பை வெளியே விடுங்கள். உள்ளே பெண்கள் முக்காடு போட்டிருப்பார்கள், உங்கள் வீட்டுப் பெண்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஆராதனை நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது.

கடைசியாக வடக்கன்குளம். சுற்றுலாப் பட்டியல்களில் இதற்கு முதலிடம் தரமாட்டார்கள், நான் தருவேன். 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர் இது. 2022இல் வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதே ஊரில் 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள், ஒரே பீடம். ஒரு கூடம் வேளாளர் முதலிய சாதியினருக்கு, மற்றது நாடார் முதலியோருக்கு. எல்லோருக்கும் ஒரே பூசை, ஆனால் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து உட்காரக் கூடாது என்பதற்காகவே போடப்பட்ட வரைபடம். 1910இல் கூடங்களைப் பிரித்த தடுப்பு அகற்றப்பட்டது. அதைத் திரும்பக் கேட்டு ஒரு தரப்பார் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. வளைவுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் எந்த ஊரிலும் ரசிக்கலாம். ஒரு சமூகத்தின் சண்டை கட்டடத்தின் வடிவத்திலேயே பதிந்திருப்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது அரிது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இந்த வழக்கை விரிவாகச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நாகர்கோவில் சாலையில் காவல்கிணற்றில் இறங்கினால் ஊர் பக்கம்தான்.