வீட்டிற்கும் தரம் பார்க்க வேண்டும்

போடி ஏல மையத்தில் மாதிரி பார்க்காமல் நாம் எந்த லாட்டுக்கும் விலை கேட்பதில்லை. நிறம் பார்க்கிறோம், சல்லடையில் 8 மி.மீ. காய் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறோம், லிட்டர் எடை பார்க்கிறோம். ஆனால் அதே நாம் பல லட்சம் கொடுத்து வீடு வாங்கும்போது பத்திரமும் வில்லங்கமும் பார்த்து, வாசல் எந்தத் திசை என்று கேட்டு, முன்பணம் கொடுத்துவிடுகிறோம். அந்த வீட்டில் சித்திரை மாதம் பகலில் இருக்க முடியுமா, மின்கட்டணம் எவ்வளவு வரும் என்று கேட்பவர் அரிது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் கிட்டங்கியின் மேல்மாடியில் ஓர் ஆசிரியர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. மாதம் பிறந்தால் மூன்றாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். ஒரு வைகாசியில் திடீரென்று சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "வாடகை ஐந்நூறு கூடக் கேட்டாலும் கொடுத்திருப்பேன் ஐயா. மொட்டை மாடி சூடு வீட்டுக்குள்ள இறங்குது, பிள்ளைகள் தூங்க முடியல. ஏ.சி. போட்டா கரண்டு பில்லு இன்னொரு வாடகையா வருது" என்றார். பிறகு ஐந்து மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் பகல் இரண்டு மணிக்கு வந்தார்கள். உள்ளே நின்றுபார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மின்கட்டணம் குடியிருப்பவர் பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அது எங்கள் பாடாகவும் வந்து நின்றது.

லண்டனில் வேலை பார்க்கும் உறவினர் மகன் ஊருக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னோம். அங்கே வீடு விற்க வேண்டுமானாலும் வாடகைக்கு விட வேண்டுமானாலும் எரிசக்திச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்றார். விற்பனைக்கு 2007 முதலும் வாடகைக்கு 2008 முதலும் இந்தச் சட்டம் வந்திருக்கிறது. வீட்டிற்கு 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் போடுகிறார்கள். சான்றிதழ் பத்தாண்டு செல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'ஈ' தரத்திற்குக் கீழே உள்ள வீட்டை விலக்கு பெறாமல் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது என்று 2018-இல் கட்டுப்பாடும் வந்தது. அவர்களுக்குக் குளிர் வெளியேயிருந்து வருகிறது, நமக்கு வெயில் வருகிறது; வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் நாட்டில் இது கட்டாயம் இல்லை. ஆனால் ஏற்பாடு இருக்கிறது. குளிர்பெட்டிக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திர முத்திரை கொடுக்கிற மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் (பி.இ.இ.) குடியிருப்பு வீட்டிற்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை முத்திரை தருகிறது. 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டுக் கட்டட விதியும் அதே செயலகத்தால் வந்தது. சுவர், ஜன்னல், கூரை வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்று அதில் அளவு வைத்திருக்கிறார்கள். கூரைக்கு அந்த அளவு 1.2. மேலே ஒன்றும் போடாத வெறும் கான்கிரீட் தளம் வழியாக அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் வெப்பம் இறங்கும். நம் ஊர் புது வீடுகளில் பாதிக்கு அந்தத் தளம்தான். பழைய வியாபாரிகள் வீட்டில் கனத்த சுவர், முற்றம், தளத்தின் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு. நாம்தான் அதையெல்லாம் செலவு என்று விட்டுவிட்டோம்.

2022 திருத்தச் சட்டம் பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் சேர்த்துக்கொண்டாலும், அது 100 கிலோவாட் இணைப்புச் சுமை கணக்கில் வருவது. நம் தனி வீட்டிற்கு அது இல்லை. ஆகவே யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருந்துவிடலாம். ஆனால் கேட்கிறவர் வாடகைதாரர்; அவர் சட்டம் சொல்லிக் கேட்பதில்லை.

முத்திரை எடுக்காவிட்டாலும் ஒரு வருஷ மின்கட்டணப் பட்டியல், அதாவது ஆறு பட்டியல்களை எடுத்துக் கூட்டுங்கள். வீட்டின் பரப்பால் வகுங்கள். 900 சதுர அடி என்றால் ஏறத்தாழ 84 சதுர மீட்டர். வருஷத்திற்கு 2,520 யூனிட் போனால் சதுர மீட்டருக்கு 30 யூனிட். பக்கத்து வீட்டையும் இப்படிப் போட்டுப் பாருங்கள், சங்கதி புரியும். ஆனால் இந்தக் கணக்கு ஆளைப் பொறுத்தும் மாறும். இரண்டு பேர் இருக்கும் வீட்டிற்கும் எட்டுப் பேர் இருக்கும் வீட்டிற்கும் ஒரே பட்டியல் வராது. முத்திரை அப்படியல்ல, குடியிருப்பவரின் பழக்கத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பார்க்கிறது. இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விசிறியும் சின்ன விஷயம் அல்ல. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், புது பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நான்கு விசிறி, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் மிச்சம். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக விகிதம் ஏறும் என்பதால் மிச்சமாவது மேல் விகித யூனிட்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிது அல்ல. ஏலக்காய் ஸ்டோரில் கதவு இடுக்கு வழியாகச் சூடு வெளியேறினால் எத்தனை கட்டை விறகு கூடப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்டோரில் சூட்டை உள்ளே பிடிக்கிறோம். வீட்டில் வெளியே நிறுத்த வேண்டும். வேலை ஒன்றுதான்.

நாங்கள் மாடித்தளத்தில் தட்டோடு பதித்து, வெள்ளை அடித்தோம். தெலங்கானா அரசு 2023-இல் குளிர் கூரைக்கென்றே கொள்கை போட்டது நினைவிருக்கலாம். மேற்குப் பக்க ஜன்னலுக்கு நிழல் தட்டி வைத்தோம், விசிறிகளை மாற்றினோம். ஆன செலவு, பூட்டிக் கிடந்த மாதங்களின் வாடகையைவிடக் கொஞ்சம் கூடுதல். சூரிய மின் தகடு இன்னும் வைக்கவில்லை. 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் வெயிலைத் தடுக்காமல் தகடு வைப்பது ஓட்டை மூட்டையில் சரக்கு நிரப்புவது மாதிரி என்று கொத்தனார் சொன்னார். சரி என்று பட்டது.

இப்போது வீடு பார்க்க வருபவரிடம் சாவியோடு ஆறு பட்டியல்களின் நகலையும் கொடுக்கிறோம். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா, அதனோடு இவற்றையும் சேர்த்துத் தைத்துவிடுகிறோம். சென்ற முறை வந்தவர் வங்கி ஊழியர். நகல்களை வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "வைகாசி பில்லு எது?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் காட்டினோம். மறுநாளே முன்பணம் கொடுத்தார்.